வண்டிக்கு ஒரு புகைபோக்கி

வீட்டுக்குப் புகைபோக்கி உண்டு. ஆலைக்குப் புகைபோக்கி உண்டு. பிக்கப் வண்டிக்கு உண்டா? உண்டு என்றான் எங்கள் சிப்பிகாட்டுத் தம்பி ஒருவன். சொன்னதோடு நில்லாமல், தன் கையாலேயே ஒன்றைச் செய்து ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நிறுத்தியும் விட்டான். அதைக் கண்டு நம் மாணவ நண்பர்களுள் சிலர் நகைத்தனர். சிலர், "சட்டத்துக்கு விரோதம்" என்று தீர்ப்பளித்து நடந்தனர். நகைப்பதும் எளிது, தீர்ப்பளிப்பதும் எளிது. அவன் ஏன் செய்தான், எங்கே தவறினான் என்று கேட்பதன்றோ அறிவியல் பயிலும் நமக்கு அழகு?

ஏன் செய்தான்? 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து போயிற்று, கடல் போகவில்லை. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் உப்பு நீரில் மூழ்கின. இன்று அங்கே பறவை பார்க்க வருகிறார்கள். அப்போது எனக்கு இரண்டு வயது. "மண்ணை நம்பிக் கடல் கடந்து வந்தோம்; அந்த மண்ணே கடலுக்குள்ளே போயிடுச்சே" என்று பாட்டி சொல்லக் கேட்டுத்தான் அந்த வயல்களை அறிவேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் எங்கள் வீடுகளுக்குப் போகும் தாழ்ந்த வழியில் இன்றும் கடல்நீர் ஏறும். தம்பியின் அப்பா காய்கறி ஏற்றும் பிக்கப் அந்த நீரில்தான் போய்வரும். உப்புநீர் சைலன்சரை அரித்துத் தின்றது. இரண்டே ஆண்டுகளில் இரண்டு முறை மாற்றினார்கள். பையன் பொறுக்கவில்லை. பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, புகையை மேலே விட்டான். தேவை கற்பித்த தொழில் இது, வெறும் விளையாட்டன்று.

ஆயினும் தவறுகள் நேர்ந்தன. ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. வெல்டிங் நெருப்பில் அது வெண்புகையாய்க் கிளம்பும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் கண்டன.

சூடேறிய இரும்பு நீளும் என்பதையும் அவன் எண்ணவில்லை. இரண்டு மீட்டர்க் குழாய் முந்நூறு டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் நீளும். மேலும், எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடுவது; ஓட்டுநர் அறையோ தனியே ஆடுவது. இரண்டையும் வளையாத குழாயால் இறுகப் பிணைத்தால் எங்கேனும் விரிசல் விடத்தானே வேண்டும்?

பெரிய பிழை வேறு. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் தாழ்வாகவே இருந்தது. அதன் வழியே நீர் புகுந்தால், நீர் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். மூக்கை நீரில் விட்டுவிட்டு வாலை உயர்த்திய கதையாயிற்று!

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தனவா? இல்லை. ஒரு மழை நாளில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அந்த வண்டியில் நானும் போனேன். மாமா ஓட்டினார், நடுவில் அவருடைய சின்ன மகள். அரை மணியில் எனக்குத் தலை கனத்தது. குழந்தை வாந்தி எடுத்தாள். இறங்கிப் பார்த்தோம். பின்கண்ணாடிக்கு நேரே குழாயின் இணைப்பு விரிந்து புகை உள்ளே கசிந்திருந்தது. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவுதான்; குறைவென்றால் இல்லையென்று பொருளாகுமா? அப்புகை புற்றுநோய் விளைப்பது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 இல் அறிவித்திருக்கிறது.

அன்றிரவு கணக்கெழுதிக் காட்டினேன். தம்பி கேட்டான்: "ஏண்ணே, இதெல்லாம் காலேஜிலே படிச்சதுதானே? நான் வெல்டிங் வைக்கும்போதே சொல்லியிருக்கலாமே?" வெப்ப விரிவுக் கணக்குகளைத் தேர்வில் எத்தனையோ முறை போட்டவன் நான். அடுத்த வீட்டுக் குழாயில் அக்கணக்கு நிற்பதைக் காணவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று அந்தச் சுரைக்காய் நானேதான்.

வீம்புக்காக இதைச் செய்வோரும் உளர். அமெரிக்க லாரிகளைப் படத்தில் பார்த்து, சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கரும்புகை கக்கவிடுவது அவர்களுக்கு வீரம். கரும்புகை என்பது முழுதும் எரியாத டீசல். அதாவது நம் காசு. டிராக்டருக்கு மேல்நோக்கிய குழாய் இருக்கிறதே என்பார்கள். அது சேற்றிலும் வைக்கோலிலும் உழைக்கப் பிறந்த வண்டி. காரணத்தை விட்டுக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அறிவாகாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு டீசல் வண்டிகளில் புகையைத் தூய்மை செய்யும் கருவிகளும் அந்தக் குழாய் வழியில்தான் உள்ளன. அவற்றை அறுத்தெறிவது ஊருக்கே இழைக்கும் தீங்கு.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்று மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு. ஒலியடக்கி இருந்தே ஆகவேண்டும் என்பது 1989 ஆம் ஆண்டு விதிகளுள் 120 ஆவது. ஆனால் சட்டத்தைச் சொல்லிவிட்டு நீரில் நிற்பவனை நீரிலேயே விட்டுப்போவது என்ன நியாயம்?

நாங்கள் குழாயைக் கழற்றினோம். புதிய சைலன்சரைப் பழைய இடத்திலேயே பூட்டினோம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை முன்கூட்டியே சொல்லுகிறது. அதைப் பார்த்து, நீர் ஏறும் நாள்களில் மாமா வண்டியை மேட்டிலேயே நிறுத்துகிறார். மூட்டைகளைத் தலையில் சுமக்கிறோம். இது முடிவன்று, இடைக்கால ஏற்பாடே. உயரவேண்டியது புகைக்குழாயன்று, பாதை!

தோழர்களே! நம்மால் ஆகக்கூடியது ஒன்றுண்டு. ஓர் அளவுகோலை நட்டு, மூன்று மாதம் நீரின் உயரத்தை நாள்தோறும் குறிப்போம். அந்தக் கணக்கோடு பஞ்சாயத்தின் வாயிலில் நிற்போம். வெறும் முறையீட்டைத் தள்ளலாம். அளந்து எழுதிய கணக்கைத் தள்ளுவது கடினம். தம்பி கோல் நட ஆயத்தமாயிருக்கிறான். குறிப்பேடு ஏந்த நம்மில் எத்தனை பேர் வருகிறோம்?