கைக்கு வந்த காசெல்லாம் நம்ம காசா? ரெண்டு பங்க் லேபிள்களின் கதை



சம்பளம் கிரெடிட் ஆன அன்னிக்கு நாம எல்லாருமே பணக்காரங்கதான். வாடகை, ஈஎம்ஐ, கார்டு பில் எல்லாம் போன பிறகுதான் நிஜம் தெரியும். இதே மயக்கம் ஒரு கம்பெனிக்கு வந்தா என்ன ஆகும்? அமெரிக்காவுல பங்க் ராக் இசைத்தட்டு வெளியிட்ட ரெண்டு சின்ன கம்பெனிகளைப் பார்ப்போம்.

முதல் கதை, 1980, வாஷிங்டன். டீன் ஐடில்ஸ்னு நாலு பசங்களோட இசைக்குழு. ஒரு வருஷம் கச்சேரி பண்ணிட்டுக் கலையுறாங்க. சேர்த்து வச்சது சுமார் 600 டாலர். பிரிச்சா ஆளுக்கு 150 தேறும். பிரிக்கல. தங்களோட பாட்டை 1,000 இசைத்தட்டா போட்டாங்க. அட்டையை வெட்டி, மடிச்சு, ஒட்டினதும் அவங்களும் நண்பர்களும்தான். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் பிறந்தது இப்படித்தான்.

அதை நடத்தின இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் முதல் ரெக்கார்டுல வந்த காசை மத்த குழுக்களோட ரெக்கார்டுகளுக்குப் போட்டாங்க. ஆபீஸ், ஒரு வாடகை வீடு. குழுக்களோட எழுத்து ஒப்பந்தமே கிடையாது. செலவு போக மிஞ்சும் லாபத்துல குழுவுக்குப் பங்கு, அவ்வளவுதான். மெக்கே பின்னாடி ஆரம்பிச்ச குழுவான ஃபுகாஸியைப் பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகல. 40 வருஷம் தாண்டியும் டிஸ்கார்ட் இருக்கு.

ரெண்டாவது கதை, 1987, கலிஃபோர்னியா. லுக்அவுட் ரெக்கார்ட்ஸ். கிரீன் டேயோட முதல் ரெண்டு ஆல்பமும் இவங்க வெளியீடு. 1994-ல அந்தக் குழு வேற பெரிய கம்பெனியில 'டூக்கி' போட்டு உலகப் புகழ் அடைஞ்சதும், லுக்அவுட்கிட்ட இருந்த பழைய ஆல்பங்களும் லட்சக்கணக்குல வித்துச்சு. பணம் கொட்டுச்சு. நிறுவனர்கள்ல ஒருத்தரான லாரி லிவர்மோர் 1997-ல விலகினார். அதுக்கப்புறம் புதுக் குழுக்கள், விளம்பரம்னு செலவு ஏறுச்சு. போட்ட காசு திரும்பல. கலைஞர்களுக்குத் தரவேண்டிய ராயல்டி பாக்கி விழுந்துச்சு. 2005-ல கிரீன் டே தன் ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. பெரிய வருமானமே போச்சு, ஊழியர்களை அனுப்ப வேண்டியதாச்சு. 2012-ல கம்பெனியை மூடிட்டாங்க.

கவனிங்க, லுக்அவுட்டுக்கு வருமானம் குறைவா இல்ல. அக்கவுன்ட்ல இருந்த பணத்துல ஒரு பங்கு கலைஞர்களோடது. அதைக் கொடுத்துட்டு மிச்சத்துல ரிஸ்க் எடுத்திருந்தா, நஷ்டம் வந்தாலும் நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

"அப்போ வளரவே கூடாதா?"னு கேப்பீங்க. தாராளமா வளரலாம். டிஸ்கார்டும் வளர்ந்துச்சு, ஆனா சம்பாதிச்ச காசுல. ஒரு வருஷ போனஸை நம்பி அஞ்சு வருஷ கார் லோன் எடுக்கறது லுக்அவுட் வழி. அந்த போனஸ்லயே ஒரு கோர்ஸ் படிச்சு அடுத்த வேலைக்குப் போறது டிஸ்கார்ட் வழி.

அதனால இந்த மாசம் சம்பளம் வந்ததும் ஒரு பேப்பர் எடுங்க. வீட்டுக்கு அனுப்பறது, ஈஎம்ஐ, கார்டு பாக்கி, நண்பன்கிட்ட வாங்கின கைமாத்து, வருஷ பிரீமியத்துல இந்த மாசப் பங்கு, எல்லாத்தையும் எழுதுங்க. அந்தத் தொகையை அன்னிக்கே தனி அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. மீதிதான் உங்க சம்பளம். ஆசையெல்லாம் அதுக்கு அப்புறம்!