வீட்டுக்கு மின்னஞ்சல்: காசு கட்டி வாங்கணுமா?

1/
சுகர், பிபி, டெங்குன்னு எழுதுற பக்கத்துல இன்னைக்கு வேற ஒரு விஷயம். "டாக்டர், வீட்டுக்குன்னு காசு கட்டி மெயில் வாங்கலாமா? வாங்கினா யார்கிட்ட?"ன்னு சிலர் கேட்டிருந்தாங்க. அதுக்கு என் கருத்து இது. எந்த நிறுவனமும் எனக்கு பணம் தரல. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
மின்னஞ்சல்ல இப்ப யாரும் கடுதாசி எழுதுறதில்ல. அதுக்கெல்லாம் வாட்ஸ்அப் வந்தாச்சு. ஆனா வருமான வரி, பி.எஃப்., பாஸ்போர்ட், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், நீட் விண்ணப்பம் எல்லாத்துலயும் மின்னஞ்சல் முகவரி கேக்குறாங்க. பாஸ்வேர்ட் மறந்துட்டா புதுசு போடுறதுக்கான லிங்க் பெரும்பாலும் அங்க தான் வருது. அதாவது அது தபால் பெட்டி இல்ல, வீட்டுச் சாவிக்கொத்து.

3/
நம்ம கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் அந்தச் சாவி யார் கையில இருக்கு? பெரும்பாலும் ப்ரௌசிங் சென்டர் அண்ணாச்சி கையில. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற அம்மா, மானாவாரியில உளுந்து போடுற அப்பா, பிளஸ் டூ முடிச்ச பிள்ளை. விண்ணப்பம் போடப் போன இடத்துல அஞ்சு நிமிஷத்துல ஒரு ஐடி உருவாக்கிக் குடுக்கிறார். பாஸ்வேர்ட் அவர் நோட்டுல இருக்கும், சில நேரம் போன் நம்பரும் அவரோடது தான். அண்ணாச்சி மேல தப்பு சொல்ல மாட்டேன், அவர் உதவி தான் செய்றார். ஆனா அவர் கடையை மூடிட்டா, நம்பரை மாத்திட்டா, கவுன்சிலிங் நேரத்துல அந்தப் பிள்ளை யார்கிட்ட போய் நிக்கும்?

4/
இன்னொன்னு. ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம்னு கூகுள் விதி வச்சு, 2023 டிசம்பர்ல இருந்து அமல்படுத்திட்டு வருது. பாஸ்போர்ட்டுக்காக ஒரு தடவை திறந்து அப்படியே விட்ட அப்பாவோட ஐடி இந்தக் கணக்குல வரும்.

5/
மருத்துவரா என்னை ரொம்ப யோசிக்க வச்ச சம்பவம் ஒண்ணு இருக்கு. 2021 பிப்ரவரி, அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோ. சின்னப் பையனுக்குப் பிறப்புறுப்புப் பக்கம் வீக்கம். டாக்டர் பாக்கணும்னு நர்ஸ் படம் அனுப்பச் சொல்றாங்க. அப்பா போன்ல எடுத்து அனுப்புறாங்க. அந்தப் படம் தானா கூகுள் சேமிப்புக்கும் போயிடுது. இயந்திரம் அதைக் குழந்தை ஆபாசப் படம்னு குறிச்சிடுது. ரெண்டு நாள்ல கணக்கு முடக்கம். மெயில், தொடர்புகள், படங்கள், கூகுள்கிட்ட வாங்கியிருந்த போன் நம்பர் எல்லாம் போச்சு. போலீஸ் விசாரிச்சு குற்றம் எதுவும் இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்புறமும் கணக்கு திரும்பக் கிடைக்கல. 2022 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் இதை விரிவா எழுதுச்சு.

6/
நம்ம ஊர்லயும் கொரோனா காலத்துல இருந்து பிள்ளைக்குத் தடிப்பு, கட்டின்னா படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புறது சாதாரணம். 2020 மார்ச்ல வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறையும் மின்னஞ்சல் வழி ஆலோசனையை அனுமதிக்குது. படம் அனுப்பவே கூடாதுன்னு நான் சொல்லல. மெயில், படம், போன் நம்பர் எல்லாத்தையும் ஒரே கம்பெனியோட ஒரே கணக்குல கட்டி வைக்காதீங்கன்னு தான் சொல்றேன். ஒரு கதவு மூடினா எல்லாக் கதவும் மூடிடும்.

7/
அப்ப காசு குடுத்து எதை வாங்கணும்? பலரும் ஜிபி கணக்கு பாக்குறாங்க. அது கடைசி விஷயம். முதல்ல வாங்க வேண்டியது பேர். இப்ப உங்க முகவரி ஜிமெயில் டாட் காம்னு முடியுதுன்னா, அந்த மனை அவங்களோடது. நீங்க வெளிய போனா முகவரியும் போச்சு. சொந்தமா ஒரு டொமைன் எடுத்தா, உதாரணத்துக்கு உங்க குடும்பப் பேர்ல ஒரு டாட் இன், முகவரி உங்களோட வரும். சேவை பிடிக்கலைன்னா அடுத்த நிறுவனத்துக்கு மாறிக்கலாம். வங்கியில, பி.எஃப்.ல குடுத்த முகவரியை மாத்தவே வேண்டாம். ஆஸ்பத்திரியை மாத்தினாலும் ஃபைல் உங்க கையில இருக்கிற மாதிரி.

8/
ஆனா டொமைன் பட்டா நிலம் இல்ல, குத்தகை தான். வருஷா வருஷம் கட்டணும். ஒரு டாட் இன் பேருக்கு வருஷம் சில நூறு ரூபாய்ல இருந்து ஆயிரம் வரை ஆகும். கட்ட மறந்தா வேற யாராவது அந்தப் பேரை எடுத்துக்கலாம். எடுத்தவருக்கு உங்க பாஸ்வேர்ட் லிங்க் எல்லாம் போகும். அதனால முடிஞ்ச அளவு பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடுங்க. டொமைன் வாங்கின கணக்குக்கு அதே டொமைன்ல உள்ள மெயிலைக் குடுக்காதீங்க. சாவியை உள்ள வச்சுப் பூட்டின கதை ஆயிடும்.

9/
டொமைன் எவ்வளவு முக்கியம்னு புரிய ஒரு உதாரணம். 2018 செப்டம்பர் 24 அன்னைக்கு ஸோகோ டாட் காம் முகவரியே முடங்கிப் போச்சு. அவங்க சர்வர் நல்லா தான் இருந்துச்சு. டொமைன் பதிவு செஞ்சிருந்த அமெரிக்க நிறுவனம், மோசடி மெயில் புகார்கள்னு சொல்லி பேரை நிறுத்தி வச்சிருச்சு. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல வெளிப்படையா உதவி கேக்க வேண்டி வந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படின்னா, டொமைன் வாங்குற இடத்துல மலிவு மட்டும் பாக்காம, கூப்பிட்டா ஆள் பேசுவாங்களான்னும் பாக்கணும்.

10/
சரி, மெயில் யார்கிட்ட?

ஸோகோ: கழுகுமலை, சங்கரன்கோவில் தாண்டிப் போனா தென்காசி. அதை ஒட்டின மத்தளம்பாறையில அவங்க அலுவலகம் இருக்கு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரோட மெயில் இப்ப அவங்க தளத்துல ஓடுது. ஆரம்பத் திட்டம் ஒரு ஆளுக்கு மாசம் நூறு ரூபாய்க்குக் கீழ. ரூபாயில கட்டலாம். நம்ம பக்கத்து ஆளுங்கன்னு மட்டும் வாங்காதீங்க. உங்க தேவைக்குப் பொருந்தினா வாங்குங்க.

கூகுள், மைக்ரோசாஃப்ட் கட்டணச் சேவை: பழகினது, வசதி. விலை கூட.

ஃபாஸ்ட்மெயில்: ஆஸ்திரேலியா, 1999-ல இருந்து மெயில் தான் தொழில். டாலர்ல கட்டணும்.

11/
புரோட்டான்: சுவிட்சர்லாந்து, ரகசியத்துக்குப் பேர் போனது. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. மறையாக்கம் கடிதத்தோட உள்ளடக்கத்துக்குத் தான், தலைப்பு வரிக்கு முழுசா இல்ல. அடுத்தது, 2024-ல சென்னை பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தப்ப அதைத் தடை செய்யணும்னு பேச்சு எழுந்துச்சு. 2025 ஏப்ரல்ல வேற ஒரு வழக்குல தடை செய்யச் சொல்லி கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நல்ல சேவைக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். சொந்த டொமைன் இருந்தா இடம் மாறிக்கலாம், இல்லைன்னா முகவரியே போச்சு.

12/
வெளிநாட்டு நிறுவனம்னா பணம் கட்டுறதும் ஒரு சிக்கல். 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கியோட புது விதிப்படி, முறையா அனுமதி பதிவு செய்யாத தானியங்கிக் கட்டணம் கார்டுல போகாது. வெளிநாட்டுச் சந்தா பலருக்கு இதனால நின்னு போச்சு. பணம் போகலைங்கிற அறிவிப்பும் அதே மெயிலுக்குத் தான் வரும். யு.பி.ஐ.ல ரூபாயா கட்ட முடியுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

13/
வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது அஞ்சு.
• பிரச்சினைன்னா மனுஷன் பதில் சொல்வாரா?
• சொந்த டொமைன் வச்சுக்கலாமா?
• எல்லா மெயிலையும் நம்ம கணினிக்கு இறக்கிக்க முடியுமா? (சில இலவசத் திட்டங்கள்ல முடியாது)
• சந்தா நின்னா எத்தனை நாள் அவகாசம்?
• ரெண்டு கட்டப் பாதுகாப்பு இருக்கா?

14/
யாருக்கு இது வேண்டாம்? தினக்கூலி வீட்டுக்கு வேண்டாம். ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு டொமைனும் மெயிலும் சேர்த்து வருஷம் தோராயமா 2,500 ரூபாய் ஆகும். அந்தக் காசுக்கு ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துக்கோங்கன்னு தான் சொல்வேன். இலவச மெயிலே போதும், நாலு வேலை மட்டும் செய்யுங்க. பாஸ்வேர்டை மாத்துங்க. உங்க சொந்த நம்பரைச் சேருங்க. பாஸ்வேர்டை வீட்டு நோட்டுல எழுதி ரேஷன் கார்டோட வைங்க. மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க.

தொழில் பண்றவங்க, பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிறவங்க, சேமிப்பு எல்லாம் ஆன்லைன்ல வச்சிருக்கிறவங்க கட்டாயம் காசு குடுத்து வாங்குங்க.

15/
கடைசியா ஒண்ணு. இறப்புச் சான்று எழுதுறது என் தொழில்ல ஒரு பகுதி. காரியம் முடிஞ்ச மறு வாரம் வீட்டுக்காரம்மா வந்து, "அவர் எதுல எவ்வளவு போட்டிருந்தார்னே தெரியல டாக்டர், எல்லாம் அவர் மெயில்ல இருக்கு"ன்னு நிக்கிறதைப் பாக்கிறேன். கூகுள்ல "இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்"னு ஒரு வசதி இருக்கு. குறிப்பிட்ட மாசம் நாம உள்ள வரலைன்னா, நாம சொன்ன ஆளுக்குத் தகவல் போகும். அது இலவசம் தான். கட்டணச் சேவைன்னா டொமைன் எங்க வாங்கினோம், எப்ப கட்டணும்னு ஒரு தாள்ல எழுதி, வீட்ல இருக்கிறவங்களுக்குக் காட்டி வைங்க.

16/
என் கருத்தைச் சுருக்கமா சொல்றேன். இடத்துக்குக் காசு குடுக்காதீங்க. பேருக்கும், பதில் சொல்ற ஆளுக்கும் குடுங்க. குடுக்க முடியலைன்னா சாவி உங்க கையில இருக்கான்னு மட்டும் இந்த வாரமே பாத்துடுங்க. வீட்ல பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தா, முதல்ல அந்த ஐடியைப் பாருங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். பாஸ்வேர்டை மட்டும் கமெண்ட்ல போட்டுடாதீங்க.