வட்டமா? சுருளா?

போன ஆண்டு விழா ஒத்திகையில் நடந்ததை இன்னும் மறக்க முடியலை. மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் கீ-போர்டோடு சேர்ந்து நாதஸ்வரம் வாசித்தான். பரம்பரையா வாசிக்கிற குடும்பம். "சுருதி சேரலைடா, மெஷின் தப்பு பண்ணுமா?" என்று சிலர் சிரித்தார்கள். அவன் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மெஷின் தப்பு பண்ணாதுதான். ஆனால் அதற்குள்ளும் ஒரு சமரசம் இருக்கிறது என்பதே என் கட்சி.

கால்குலேட்டரை எடுங்கள். 'ஸ' 240 ஹெர்ட்ஸ் என்றால், 'ப' ஒன்றரை மடங்கு, 360. நம் முன்னோர் குரல், இளி என்று சொன்னது இவற்றைத்தான். அந்த இளியையே குரலாக வைத்து அடுத்த இளி என்று 12 முறை போனால், ஏழு ஸ்தாயி மேலே மறுபடி 'ஸ' வரணும். 1.5-ஐ 12 முறை பெருக்கினால் 129.75, 2-ஐ 7 முறை பெருக்கினால் 128. இடிக்கிறதே! ஏழு ஸ்தாயி கீழே இறக்கிப் பார்த்தால் 240 வரவில்லை, 243.3 வருகிறது.

பழனி மலையைக் கிரிவலம் வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். கொடைக்கானல் மலைப்பாதை அப்படியா? வளைவு திரும்பினால் அதே வரதமாநதி அணை தெரியும். ஆனால் நாம் இன்னும் மேலே போயிருப்போம். சுரமும் அப்படித்தான். வட்டம் இல்லை, சுருள்!

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்பு தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில், ஸ்தாயியைச் சம பங்காகப் பிரிப்பதே முறை, சுருதி 22 அல்ல 24 என்று வாதாடினார். கீ-போர்டிலும் 12 சம பங்குதான். வட்டம் மூடிவிடும், எந்தக் கட்டையிலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். பெரிய வசதி, மறுக்கலை.

ஆனால் அதற்கு விலை உண்டு. 'ஸ' 240 என்றால், தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரம் 300. கீ-போர்டில் அது 302.4. நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டால் அழுத்தியும் மூச்சை மாற்றியும் 300-ஐப் பிடித்துவிடுவார். கீ-போர்டின் கட்டை அசையாது. அப்புறம் யாரைத் தப்பு சொல்வது?

அபஸ்வரத்துக்கெல்லாம் இதைச் சாக்காகச் சொல்லலை. அபஸ்வரம் அபஸ்வரம்தான். ஆனால் கணக்குப் படித்த நாமே, அளவுகோல் எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் ஆளைக் குறை சொல்லலாமா?

இந்த வருஷ விழாவில் அவனைத் தவிலோடும் சுருதிப்பெட்டியோடும் வாசிக்கச் சொல்வோம். நம் காது தீர்ப்பு சொல்லட்டும்!