அந்த மெக்கானிக்கை யார் பார்த்தது?

நிஜக் கொலைக் கேஸை வைத்து எடுத்த படம் என்றால் நம்ம ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணி வரை தூக்கம் கிடையாது. கடைசியில் கொலைகாரன் மாட்டணும். மாட்டலைன்னா "என்னடா படம் இது!" நண்பர்களே, மாட்டாமலே முடிகிற ஒரு கொரியப் படம் பற்றித்தான் எழுதுகிறேன். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003-ல் போங் ஜூன் ஹோ எடுத்தது. ('பாரசைட்'டுக்கு ஆஸ்கார் வாங்கினாரே, அவரேதான்.)

தென் கொரியாவில் ஹ்வாசொங் பக்கம் 1986 முதல் 1991 வரை 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். படம் எடுக்கும்போதும் கொலைகாரன் யாரென்று தெரியாது. அவன் என்றாவது தியேட்டரில் வந்து உட்காருவான் என்று நினைத்தே, போலீஸாக நடித்த சாங் காங் ஹோவைக் கடைசி ஷாட்டில் நேராகக் கேமராவைப் பார்க்க வைத்தார் டைரக்டர். இன்னொரு சீனில், சந்தேகப்பட்டவனை விட்டுவிட வேண்டிய நிலை. அங்கே என்ன பேசுவது என்பதை நடிகரிடமே விட்டார். சாங் யோசித்துக் கேட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா என்று! நம்ம அம்மாக்கள் கேட்கிற கேள்வி. உடம்பே சிலிர்த்துப் போச்சு.

2019-ல் டி.என்.ஏ. மூலம் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே உள்ளே இருந்தவன். படத்தை ஜெயிலிலேயே பார்த்திருக்கிறான். சும்மா ஒரு படமாத்தான் பார்த்தேன், ஒண்ணும் தோணலை என்று 2020-ல் கோர்ட்டில் சொன்னான். அந்தப் பார்வை வீண்!

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை. அந்தக் கொலைகளில் 8-வதுக்கு, 1989-ல் 22 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். விவசாய மெஷின் ரிப்பேர் பண்ணுகிறவர். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். தூங்க விடாமல் வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். முடி பொருந்துகிறது என்று லேப் ரிப்போர்ட் வேறு. 20 வருஷம் ஜெயில்! 2020 டிசம்பரில்தான் நிரபராதி என்று தீர்ப்பு. அந்த ரிப்போர்ட்டும் தப்பாம். 'யார் கொலைகாரன்?' என்று தியேட்டரே கேட்ட 2003-ல் அவர் உள்ளேதான் இருந்தார்.

போலீஸ் அப்பாவிகளை அடித்து வாக்குமூலம் வாங்குவதைப் போங் மறைக்கவில்லை, அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த சீனுக்குப் பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காக்கிச் சட்டை எந்தப் பேப்பரை நீட்டினாலும் "சரிங்க சார்"னு கைநாட்டு வச்சிடுவார். எங்க வீட்டில் அதைப் படித்துப் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

அதனால் என் கட்சி இதுதான்: கேமரா கொலைகாரனைத் தேடினது போதும், லாக்கப்பில் கையெழுத்துப் போடுகிறவன் பக்கம் திரும்பட்டும். அடுத்த ஆண்டு விழா நாடகத்துக்கு நம்ம டிராமா டீம் கொலைக் கதை தேடுதாம். போலீஸ் வேஷத்துக்கு இப்பவே ஆறு பேர் ரெடியாம். அந்த மெக்கானிக் வேஷத்துக்கு ஆள் வேணும்னா, மெக்கானிக்கல் செகண்ட் இயரில் வந்து என்னைக் கேளுங்க.