உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும்



"அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் ஆச்சு... இன்னும் பருப்பு வேகலையே!" என்று உங்கள் பாட்டி அலுத்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறீர்களா? "எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது" என்று அம்மா சொன்னதை? பாவம், பருப்பின் மீதும் தப்பில்லை, சோப்பின் மீதும் தப்பில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் செய்யும் வேலை அது. இவை அதிகம் கலந்த நீருக்குக் கடின நீர் என்று பெயர். குறைவாக இருந்தால் மென்னீர்.

எங்கள் மாகறல், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே, திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கிறதே, அந்த ஊர்தான். ஆற்று மணலில் ஊற்று தோண்டி எடுத்த தண்ணீரின் ருசியை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். அதே பெரியவர்கள், ஆழமாகப் போட்ட போர் தண்ணீரை வாயில் வைத்ததும் முகம் சுளிப்பார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

மழைத்துளி விழும்போது அதில் உப்பு கிடையாது. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு அது பூமிக்குள் இறங்குகிறது. அதனால் லேசான அமிலத்தன்மை வந்துவிடும். போகிற வழியில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் பாறையையும் மெல்ல மெல்லக் கரைக்கும். எத்தனை ஆழம், எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனை உப்பு சேரும்.

ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அங்கே குளித்தால் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும், போகவே போகாது. உதகமண்டலத்துக்குப் பார்சன்ஸ் பள்ளத்தாக்கு அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. மலையில் பெய்த மழை, மண்ணோடு அதிக நாள் பழகாமல் அணைக்கு வந்து சேர்கிறது. அதனால் அது மென்னீர்!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் எடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர், இரண்டிலும் கால் பங்கு ஊற்றுங்கள். குளியல் சோப்பைச் சீவி, கொஞ்சம் மழைநீரில் கரைத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு விட்டுப் பத்து முறை குலுக்குங்கள். எதில் நுரை அதிகம் என்று பாருங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

சரி, இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஆசிரியர் தவறு செய்வாரா என்று சிரிக்காதீர்கள்.

பல வருடங்களுக்கு முன்பு, ஐந்தாம் வகுப்பில் இதே சோப்புச் சோதனையைச் செய்து காட்டினேன். "நன்றாக நுரைத்தால் நல்ல தண்ணீர், நுரைக்காத தண்ணீரைக் குடித்தால் வயிற்றில் கல் வரும்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். யாரோ சொன்னதை நானும் சொன்னேன், சரிபார்க்கவில்லை. என் பேச்சைக் கேட்டு ஒரு பையன், பள்ளிக் குழாயை விட்டுவிட்டு வயல் ஓரக் குட்டையில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். அந்தத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது, நன்றாக நுரைக்கவும் செய்தது. நான்காம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டான். ஒரு வாரம் கழித்து, வாடிய முகத்தோடு வந்து, "சார், நீங்க சொன்ன மாதிரி நல்லா நுரைச்சுது சார்" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகுதான் தேடிப் படித்தேன். கடின நீர் உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கால்சியமும் மக்னீசியமும் நம் உடம்புக்கு வேண்டிய சத்துகள்தாம். கடின நீரால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வரும், குழாய் அடைக்கும், சோப்பு வீணாகும். ஆனால் வயிற்றைக் கெடுப்பவை கிருமிகள். அவை கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, சோப்புக்கும் தெரியாது!

ஆக, தண்ணீரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். உப்பு எவ்வளவு? கிருமி உண்டா?

முதல் கேள்விக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்குச் சலுகையே கிடையாது. குடிநீரில் குடல் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதற்காகத்தான் குளோரின் கலக்கிறார்கள். குழாயில் லேசாக மருந்து வாசனை வந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது காவல்காரனின் வாசனை. சந்தேகமாக இருந்தால், நன்றாகக் கொதித்துக் குமிழி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதியும் அடியில் படிந்துவிடும்.

"எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான்" என்கிறீர்களா? வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு? ஊரே கேனுக்குப் போய்விட்டால், குழாயைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காதே! 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாயில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் தருவது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருவதும் அதில் உண்டு. குழாய் வந்தால் மட்டும் போதாது, அதில் வருவது நல்ல தண்ணீரா என்று கேட்கவும் வேண்டும்.

எங்கே கேட்பது? கிராம சபையில்! தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அப்பா அம்மாவிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? தண்ணீரைச் சோதித்தது எப்போது? முடிவு என்ன?

இது புதுப் பழக்கம் அல்ல. நம் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை, இன்றும் இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு குழு. குடவோலையில் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை! ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே தண்ணீருக்குக் கணக்குக் கேட்ட மண் இது.

அந்த மண்ணின் பிள்ளைகள் நீங்கள். யார் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், "எப்படித் தெரியும் சார்?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அன்று அந்தப் பையன் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கும்படி நான் பழக்கியிருக்க வேண்டும்.

கேட்பீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா