சந்தனக் காப்பும் கணிப்பொறியின் உஷ்ணமும்
உத்தரகோசமங்கை மரகத நடராஜர், மார்கழித் திருவாதிரையை ஒட்டிய நேரம் நீங்கலாக, ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள்ளேயே எழுந்தருளியிருப்பதைக் கண்டு வளர்ந்த இப்பக்கத்து இளைஞர்கள், தம் கையால் கோத்த கணிப்பொறியின் பிராசசர் மீதும் வெப்பப் பசையை அவ்விதமே அப்பிவிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பசை குளிர்விக்கும் வஸ்து அன்று; பிராசசரின் உலோக மூடிக்கும் ஹீட்சிங்கின் அடித்தட்டுக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களில் தங்கும் காற்றை விலக்கி உஷ்ணத்துக்கு வழிவிடுவதே அதன் காரியமாகையால், ஒரு பட்டாணி அளவு போதும்; மிகுந்தால் அதுவே தடை. விசிறியோ, என்ன விலை கொடுத்து வாங்கினாலும், அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்கவல்லதன்று. சித்திரையில் அறையே 36 டிகிரியில் புழுங்கும் இராமநாதபுரச் சீமையில், 25 டிகிரி அறையில் 70 காட்டிய பிராசசர் 80ஐத் தாண்டுவது இயற்கையே. ஆகவே, இன்னொரு விசிறிக்குச் செலவிடுமுன், பயாஸில் புகுந்து மின்னழுத்தத்தைச் சிறிது தாழ்த்திப் பார்ப்பதே விவேகம். பிராசசர் இயங்குகையில் உண்ணும் மின்திறன் பெரும்பாலும் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அழுத்தத்தில் 10 சதவிகிதம் குறைத்தால், வேகம் குன்றாமலே, பிறக்கும் உஷ்ணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். சில மதர்போர்டுகள் இதற்கு இடங்கொடா. அங்கே, ஹீட்சிங்கின் தகடுகளிடையே கடற்காற்றின் உப்பீரத்தோடு படிந்த தூசியைத் தூரிகையால் துடைப்பதே கதி.