நாழிகைக் கணக்கும் நயமும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஐயா, வெண்பா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, கேள்விப்பட்டீர்களா?" என்று வினவினார். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் பழைய வழக்கம் மீண்டும் தலையெடுத்தது போலும் என்று எண்ணி யான் மகிழ்ந்தேன். அவர் தம் மடிக்கணினியைத் திறந்து காட்டியபோதுதான் அது கணினி விளையாட்டு என்பது விளங்கிற்று. பாக்களுள் கட்டுப்பாடு மிகுந்த ஒன்றன் பெயரை விளையாட்டுப் பண்டத்துக்கு இட்டுவிட்டனரே என்று முகஞ்சுளித்தேன். அதனை ஒளிக்க விரும்பவில்லை.

"பார்த்துவிட்டுக் கண்டியுங்கள் ஐயா" என்றார் மாணவர். நூலைப் படியாமலே மதிப்புரை எழுதுவோரை வாழ்நாள் முழுவதும் கண்டித்து வந்தவன் யான். ஆகவே மறுக்க வழியின்றி அமர்ந்தேன்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் விசை என்னும் சிறு குழுவினர், அபி என்பாரின் தலைமையில் ஆக்கி, 2023 யூலை 31 இல் வெளியிட்ட விளையாட்டு இது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண்ணும், அவள் கணவன் பாவலனும், மகன் கவினுமே கதைமாந்தர். வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்று இருக்கின்றது. ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றது. அழிந்த இடத்தை ஊகித்து நிரப்பி உணவைச் சமைத்து முடிப்பதே விளையாடுவோர் செய்யவேண்டிய வேலை. இட்டலித் தட்டுகளை ஆவி செல்லும் வகையில் அடுக்க வேண்டும். பிட்டுக்குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் முறை பிறழாமல் இட வேண்டும். இடையிடையே குடும்பத்தின் கதை நகர்கின்றது. மகன் வளர்கின்றான்; வீட்டு உணவையும் வீட்டு மொழியையும் எண்ணி நாணுகின்றான்; தாயை விட்டு விலகுகின்றான்; பின்னொரு காலத்தில் அதே ஏட்டை நாடி வருகின்றான்.

சிதைந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு விடுபட்டது யாதென ஊகிக்கும் அந்த வேலை எனக்குப் புதியதன்று. செல்லரித்த சுவடிகளைக் கூட்டிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் செய்ததும் அதுவே. சமையற் குறிப்பேடும் ஒரு சுவடிதான். அதனை இழந்த வீட்டில் ஒரு பரம்பரையின் பேச்சும் சேர்ந்தே அழிகின்றது. இக்கருத்து எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. விளையாடுவோர் கையாலே செய்து உணருமாறு வைக்கப்பட்டிருக்கின்றது. பெயரைக் குறித்து யான் கொண்ட சினம் அப்போதே தணிந்துவிட்டது.

நிற்க. விளையாட்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மாணவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இரண்டு மணித்தியாலம் இன்னும் ஆகவில்லை. இப்போது கேட்டால் காசைத் திருப்பித் தருவார்கள்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கச் சொன்னேன்.

ஸ்டீம் என்னும் இணைய அங்காடியிலே இவ்விளையாட்டை வாங்கியிருக்கின்றார். வாங்கிப் பதினான்கு நாள்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குட்பட்டிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அங்கே 2015 முதல் வழங்கும் விதி. பழுதான பண்டத்தை வாங்கி ஏமாந்தவருக்கு அஃது ஒரு பாதுகாப்பு, அதிலே குற்றங்காண்பதற்கில்லை. ஆனால், ஒன்றரை மணியில் முடியும் படைப்பை முற்றும் நுகர்ந்துவிட்டுப் பணத்தையும் மீட்டுக்கொள்ள அதே விதி வழிவிடுகின்றது. இலைபோட்டு உண்டு, கை கழுவி, பின் "சாப்பாட்டுக் காசைத் தா" என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

இவ்வகையால் நேர்ந்த தீங்குக்குச் சான்று உண்டு. எமிகா கேம்ஸ் என்ற பெயரில் சிறு விளையாட்டுகளை ஆக்கி வந்த ஒருவர், 2021 இல், சம்மர் ஆஃப் 58 என்னும் தம் படைப்பு இரண்டு மணிக்குள் முடிந்துவிடுவதால், நல்ல கருத்துரைகளைப் பெற்றும் பலர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்று அறிவித்து, காலவரையறையின்றித் தொழிலை விட்டு விலகுவதாகச் சொன்னார். புகழ்ந்து எழுதிய கையே காசைப் பறித்துக்கொள்ளுமாயின், அப்புகழுக்குப் பொருள் என்ன?

மாணவர் பின்னர் அவ்வங்காடியில் விளையாடியோர் எழுதிய கருத்துரைகளையும் காட்டினார். ஒவ்வொருவரும் பெருவிரலை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். மூன்றாவது வழி இல்லை. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்ற கணக்கும் அருகிலேயே நிற்கின்றது. பத்துக் கருத்துரைகள் சேர்ந்த பின்னரே தொகுப்பு மதிப்பீடு தோன்றும். பெரு நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செல்வத்தைக் கொட்டுகின்றன. ஓரிருவரோ சிறு குழுவினரோ தம் முயற்சியால் ஆக்கி மலிவாய் விற்கும் சுயாதீன விளையாட்டுகளுக்கோ, முன்பின் அறியாதார் எழுதும் நாலு வரியே விளம்பரம். அதுவே வாழ்வும் சாவும்.

அந்த நாலு வரியில் வெண்பாவைப் பற்றி அடிக்கடி எழுந்த குறை ஒன்றே: குறுகியது, கொடுத்த விலைக்கு நேரம் போதாது. அமெரிக்காவில் அதன் வெளியீட்டு விலை ஏறத்தாழ 15 டாலர். பெரு நிறுவனங்களின் விளையாட்டுகள் 60, 70 டாலருக்கு விற்கும் காலத்தில் அது மலிவே. ஆயினும் 15 டாலர் நம் பணத்தில் 4,000 ரூபாவுக்கு மேல். வாவியில் வலை வீசியும் வயலில் வெட்டியும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சிறு தொகையன்று. ஆகவே விலையைப் பேசுவோரை யான் இகழமாட்டேன். உழைத்த காசு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. விலையைச் சொல்லலாம், எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் அடுத்தவருக்கு அறிவிக்கலாம். அது செய்தி. அச்செய்தியையே தீர்ப்பாக்குவதுதான் பிழை.

நீளத்தை மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கு நமக்கும் புதியதன்று. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய ஆடப்படுபவை. 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 'கர்ணன் போர்' கூத்தையும், பின்னர் 'இராவணேச'னையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, ஓரிரவுக் கூத்தின் சாரத்தை இரண்டொரு மணி நேரத்துள் அடக்கிக் காட்டினார். களரியில் விடியுமட்டும் இருந்து பழகியவர்க்கு அது குறைபோலத் தோன்றியிருத்தல் இயல்பே. ஆனால் கூத்தைக் கண்டிராத நகரத்தார் அதனைக் கலையென அறிந்தது அச்சுருங்கிய வடிவாலேயே. இரண்டும் கூத்தே. களரிக் கூத்தை அதன் நீளம் கருதிப் புறக்கணிப்பது எத்துணைத் தவறோ, மேடைக் கூத்தை அதன் சுருக்கம் கருதிப் புறக்கணிப்பதும் அத்துணைத் தவறு.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்யுட் போட்டிக்கு யான் நடுவனாய் இருந்தேன். ஒரு மாணவன் வாவியைப் பற்றி ஒரே ஒரு குறள்வெண்பா எழுதித் தந்திருந்தான். தளை தட்டவில்லை, பொருளும் நெஞ்சில் நின்றது. மற்றொருவன் இருபது விருத்தம் எழுதியிருந்தான். பாதிக்கு மேல் அசைநிரப்பல். "இவ்வளவு உழைத்திருக்கின்றானே" என்று பரிசை இருபதுக்கே கொடுத்தேன். ஏழு சீரிலே ஒரு கருத்தை நிறுத்துவதற்கு எத்தனை இரவு வேண்டும் என்பதை நாள்தோறும் வகுப்பில் சொல்லுகின்ற யானே, நடுவன் நாற்காலியில் அமர்ந்தவுடன் வரிகளை எண்ணினேன். குறள் எழுதியவன் பின்னர் யாதும் எழுதிக்கொண்டு என்னிடம் வரவில்லை. காரணத்தை அவனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆதலின், பெருவிரலைத் தாழ்த்தும் இளைஞரைக் கடிந்து பேச எனக்குத் தகுதி குறைவு. அவர்கள் செய்வதை யான் முன்னரே செய்திருக்கின்றேன்.

மணிக்கணக்கு எவ்வாறு பொய்த்துப்போகின்றது என்பதற்கு விளையாட்டுலகிலேயே எடுத்துக்காட்டுகள் உள. எ ஷோர்ட் ஹைக் என்பது 2019 இல் கனடாவைச் சேர்ந்த ஆடம் றொபின்சன்-யூ ஆக்கியது. ஒரு சிறு பறவை மலையுச்சிக்கு ஏறுவதே கதை; இரண்டொரு மணியில் முடிந்துவிடும். அது 2020 இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. வம்பயர் சவைவர்ஸ் என்பது இதற்கு நேர்மாறு. லூக்கா கலாந்தே என்பார் ஆக்கிய அது 5 டாலருக்குட்பட்ட விலையது. எத்தனை மணி நேரமும் ஆடலாம். அது 2023 இல் பாஃப்தா எனப்படும் பிரித்தானியக் கலைக்கழகத்தின் சிறந்த விளையாட்டுக்குரிய விருதைப் பெற்றது. ஒன்று குறுகியது, மற்றொன்று நெடியது. இரண்டும் மலிவு, இரண்டும் நன்று. அவ்வாறாயின் நேரம் எதனை அளந்தது? நம் வெண்பாவும் 2024 இல் அச்சுயாதீன விழாவின் தலைமைப் பரிசையும், பாஃப்தாவின் முதற்படைப்புக்கான விருதையும் பெற்றது. விருதால் ஒரு படைப்பு உயர்ந்துவிடும் என்பது என் கருத்தன்று. கற்றறிந்த நடுவர்கள் மணிக்கூட்டைப் பார்த்து மதிப்பிடவில்லை என்பதையே சுட்டுகின்றேன்.

விளையாட்டைப் பற்றிப் பண்டிதனுக்கு என்ன பேச்சு என்று கேட்பாரும் இருப்பர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் சேக்சுபியரைச் செகசிற்பியாரென அழைத்து, அவர் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். அவர் பண்டிதரே, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். புதிய கலை வந்தபோது கதவடைக்கவில்லை. நம் அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு எதிர்சென்றார். இன்று தமிழ்ப் பெயர்தாங்கி, தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் கணினி விளையாட்டு மிக அரிதாய் வருகின்றது. அதனைத் தமிழ் அறிந்தோர் மதிப்பிடாமல், மணிக்கூட்டை மட்டும் அறிந்தோர் மதிப்பிட்டுவிடின், அடுத்த சிறு குழு இத்தகைய கதையைத் தொட அஞ்சும். இழப்பு நமதே.

எனவே மாணவரிடம், "தம்பி, காசைத் திருப்பிக் கேளாதே. கருத்துரை எழுது, தமிழில் எழுது" என்றேன். எவ்வாறு எழுதுவது என்று கேட்டார். மூன்று வினாக்களைச் சொன்னேன். இப்படைப்பு எதனைச் செய்ய முற்பட்டது? முற்பட்டதைச் செய்து முடித்ததா? முடிந்த பின் உன்னிடத்தில் எது தங்கியது? முதல் வினாவை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு விடை எழுதப் புகுந்தால், குறளைப் பார்த்துக் காவியம் இல்லையே என்று வருந்த நேரிடும் என்றும் சொன்னேன்.

அவர் மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வரி. வெறும் புகழ்ச்சியாய் இருக்கவில்லை. உரையாடலில் எந்த விடையைத் தெரிந்தாலும் கதை பெரிதும் மாறுவதில்லை என்று குறை கூறியிருந்தார். ஆண்டுகள் தாவிச் செல்வதால் தந்தை பாவலனின் உள்ளம் முழுதும் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். இவை நீளத்தைப் பற்றிய குறைகளல்ல. அமைப்பைப் பற்றிய குறைகள். ஆக்கியோன் கண்டால் நன்றி சொல்லக்கூடியவை. கடைசி வரியில், பிட்டு அவிக்கும் பகுதியை ஆடி முடித்ததும் அடுக்களைக்குப் போய், குழலில் முதலில் இடுவது மாவா தேங்காய்ப்பூவா என்று தம் தாயாரிடம் கேட்டதாகவும், பதினெட்டு ஆண்டுகளாக உண்டும் அதுவரை தாம் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்த வரியை யான் திருத்தவில்லை. சந்திப்பிழை இரண்டை மட்டும் நீக்கினேன்.

மாணவ அன்பர்களுக்கும் ஆசிரிய அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. சிறியோர் ஆக்கிய சிறு விளையாட்டொன்று உங்கள் கைக்கு வந்தால் முற்றும் ஆடுங்கள். ஆடியதற்கு உரிய விலையைக் கொடுங்கள். குறையையும் நிறையையும் காரணத்தோடு எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள், தாம் விளையாடிய ஒன்றைப் பற்றி மதிப்புரை எழுதுக என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நூல் மதிப்புரைக்குப் பேனா எடுக்காத பிள்ளையும் இதற்கு எடுப்பான். அவன் எழுதிக்கொண்டு வருவது ஏழே சீராக இருந்தாலும் வரிகளை எண்ணாமல் வாசியுங்கள்.